விட்டுப்போன வட்டம்

அடுத்தவர் வீட்டில் யார் எந்த நோயில் செத்தார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் என் உத்தியோகம். இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவளுக்கு யார் நாற்காலி எடுத்துப் போடுவார்கள்? மீட்டர் பார்க்க, மக்கள்தொகை எடுக்க, ஓட்டர் பட்டியல் சரிபார்க்க என்று வாசலில் நின்று முறைப்பு வாங்கிய எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும்.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் வேலையில் இருந்தேன். பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்திலிருந்து வந்த ஏழுமலைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, பெருங்குடலில் புற்று. அவர் அப்பாவும் அந்த வயதில், அதே வயிற்று நோயில் போனவர். ரத்தத்தைச் சோதித்ததில் ஒரு மரபணு மாறியிருந்தது. கூடப் பிறந்தவர்களுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் புற்று வந்தே தீரும் என்றில்லை, ஆபத்து அதிகம். குடலுக்குள் கேமரா விட்டு அவ்வப்போது பார்த்துவந்தால் முளையிலேயே எடுத்துவிடலாம். "கூடப் பிறந்தவர்களைக் கூட்டிவா" என்று அவரிடம் சொன்னார் டாக்டர். ஏழுமலையோ, எல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பாட்டில் பேர்

நானே குப்பத்துக்குப் போனேன். அண்ணன் மாரி வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். நான் காகிதத்தை விரித்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. "உங்க பரம்பரையைப் பத்தி எழுதணும்" என்றேன். "பாட்டுல பேர் சேக்கவா?" என்றார். ஏதோ சினிமாப் பாட்டு என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு, அவர் சொன்ன 'பாட்டுல' அதுதான். அப்பாவுக்குப் பிறகு அந்த உரிமை மகனுக்கு. அங்கே பரம்பரை என்று வாயைத் திறந்தால் அது பாட்டு விவகாரம்தான், வேறெதுவும் இல்லை. மாரி நண்டைக் கீழே வைத்தார். "எந்தப் பங்காளி உன்ன அனுப்பிச்சான்? அத மொதல்ல சொல்லு, அப்பறம் எங்க நைனா பேரச் சொல்றேன்."

பூனைக்கண்

நாலாவது நடையில்தான் பேர்கள் கிடைத்தன. நைனா, சித்தப்பா, தம்பி. "கூடப் பிறந்தவங்க?" "நானும் ஏழுமலையும்." அம்மாவுக்கு ஒரு வட்டம், மற்றதெல்லாம் கட்டம். ஊரே என்னைச் சந்தேகப்பட்டது. அந்தக் காகிதத்தை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், செய்யவில்லை.

ஊசியை எடுத்ததும் மாரி கையை இழுத்துக்கொண்டார். அவருக்குப் பூனைக்கண். பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் மண்டையோடு செதுக்கிய கல்லைக் காட்டி, "அது உன் பாட்டன்" என்று சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள் கிண்டல் செய்வார்களாம். குடலைத் தவிர வேறெதையும் தேட மாட்டோம் என்று நான் சத்தியம் செய்யவேண்டியதாயிற்று. "ரத்தத்துல டச்சுக்காரன் கீறான்னு நீ எழுதிக் குடுத்துட்டன்னா, பாட்டுலேர்ந்து என் பேர எடுத்துருவானுங்கம்மா."

நல்ல சேதி

மாரிக்கு அந்த மாற்றம் இல்லை. இந்த வேலையில் நல்ல சேதி சொல்லும் நாள் அபூர்வம். பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் முகம் இருண்டது. தம்பிக்கு அப்பாவிடமிருந்து வந்தது தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று யோசித்திருக்கிறார். "இன்னாம்மா சொல்ற நீ? அப்போ நான் எங்க நைனாவுக்குப் பொறக்கலியா?"

கடைசிக் கேள்வி

அவரைச் சமாதானப்படுத்த உட்கார்ந்து விளக்கினேன். அந்த மரபணு அப்பாவிடம் இரண்டு இருந்தது. ஒன்று நல்லது, ஒன்று பழுது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒன்றுதான் போகும். எது போகும் என்பது யார் கையிலும் இல்லை.

மாரி விரல் மடக்கினார். "எனக்கு நல்லது. தம்பிக்குப் பழுது. அப்போ கஸ்தூரிக்கு?"

"யார் கஸ்தூரி?"

"தங்கச்சி. சுண்ணாம்புக்குளத்துல கீது."

காகிதத்தை எடுத்து விரித்தேன். நாலு மாதமாக ஒரு வட்டம் குறைவான காகிதத்தோடு அலைந்திருக்கிறேன். "ஏங்க முதல்லயே சொல்லல?" என்று கத்தியேவிட்டேன். அவர் ஏமாற்றவில்லை, பாவம். நான் பரம்பரை கேட்டேன், அவர் பரம்பரை சொன்னார், பாட்டில் பேருள்ளவர்களை மட்டும். "அதான் கட்டிக் குடுத்தாச்சே, அதுக்கு ஏது பாடு?"

கையெழுத்து

கஸ்தூரி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சோதனைக்குச் சம்மதம் கேட்கும் படிவத்தை நீட்டினேன். கையைத் துடைக்கக்கூட இல்லை. "அண்ணன் அனுப்பிச்சாரா? இது விடுதலைப் பத்திரம்தானே? அம்மா வூட்டுல எனக்கு ஒண்ணும் வாணாம்னு எழுதி வாங்கப் பாக்கறாங்க."

அண்ணனிடம் போனில் பேசவைத்தேன். அவள் நம்பவில்லை. கடைசியில், வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறதா என்று மெதுவாகக் கேட்டேன். உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஆறு மாதமாகப் போகிறதாம். மூலச்சூடு என்று கருணைக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிறாள். அப்பா, ஏழுமலை, குடல், மரபணு எல்லாவற்றையும் அங்கேயே தரையில் உட்கார்ந்து சொன்னேன். பெண் பிள்ளைக்கும் அதே பாதிக்குப் பாதிதான் என்றேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு பேனாவை வாங்கினாள். "பாட்டுல உனக்குப் பங்கில்லன்னாங்க. இதுல மட்டும் சரி பங்கா?"

வட்டம்

இருந்தது, அந்த மாற்றம். கேமரா விட்டுப் பார்த்ததில் குடலில் பெரிய சதை வளர்ச்சி. வெட்டியெடுத்துச் சோதித்தார்கள். புற்றாக மாறுகிற வாசலில் நின்றிருந்தது, இன்னும் உள்ளே போகவில்லை. டாக்டர் அதைச் சொன்னபோது நான் வராந்தாவில் போய் அழுதேன். சந்தோஷம் பாதி, கட்டங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த அந்த நாலு மாதத்தை நினைத்த பயம் பாதி.

வீட்டுக்குப் போகும் முன் அவள் பிள்ளைகளைக் காகிதத்தில் சேர்க்க உட்கார்ந்தோம். மூத்தவன் பையன், இளையது பெண். பழக்கதோஷம், கட்டம் போடக் கை போனது. கஸ்தூரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வட்டத்த மொதல்ல போடுக்கா. அதுதான் நாளைக்குக் கட்டிக்கினு வேற ஊருக்குப் பூடும், அப்பறம் நீ தேடிக்கினு அலைவ."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் பரம்பரையை விட்டுவிட்டு "கட்டிக்கொடுத்த பொண்ணுங்க எத்தனை பேர்?" என்றுதான் ஆரம்பிக்கிறேன், பெண்ணுக்குப் பாகம் கேட்க வந்த வக்கீல் ஆள் என்று என்னை வாசலோடு அனுப்பப் பார்க்கிறார்கள்.