உதடு தெரிகிற அளவுக்கு

மேஸ்திரிக்குக் காது போனது நெசவு ஆலையில். முப்பத்தொரு வருடம் தறிகளின் நடுவே நின்றவருக்கு, ஓய்வு பெறுவதற்குள் இரண்டு காதும் சுத்தமாக அடைத்துவிட்டன. அவர் அதற்காகப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அந்த இரைச்சலில் யாருக்குமே காது உதவாது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். நாலு தறி தள்ளி நிற்பவன் முணுமுணுப்பாகத் திட்டினாலும் பார்த்தே தெரிந்துகொண்டு, அங்கிருந்தே திருப்பிக் கொடுத்துவிடுவார். மனைவி போனபின் மூத்த மகள் வீட்டோடு வந்து சேர்ந்தபோதும் பேச்சுக்குத் தடையில்லை. எதிரே இருப்பவர் முகத்தில் வெளிச்சம் இருந்தால் போதும்.

இப்போது அந்த எதிரே இருப்பவர்தான் இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, முழங்காலில் தகடு வைத்து இரண்டு மாதம் ஆகிறது. வீடு நாலாவது மாடி, லிஃப்ட் பழுது. காலை எட்டரைக்கு மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். மணி அடித்தால் அவருக்குக் கேட்காது, யார் வந்தார்கள் என்று போய்ப் பார்க்கவும் முடியாது என்பதால். மாலை ஆறரை வரை அவர் கண்ணுக்கு ஓர் உதடு அகப்படாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் முதுகு, அதில் பாசி பிடித்த குழாய்கள்.

அந்தச் சமயத்தில்தான் இளைய மகள் நடித்த தொடர் இணையத்தில் வெளியானது. நடிக்கப் போகிறேன் என்று ஆறு வருடம் முன்பு அவள் பெட்டியைத் தூக்கியபோது, மேஸ்திரி வாசல்வரைகூட வரவில்லை. அதன்பிறகு படங்களில் கூட்டத்தில் ஒருத்தி, கடையில் ஒருத்தி என்று வந்துபோனாள். முழு வேடம் இதுதான் முதல். குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்: "பாருங்கப்பா. ஆனா அதுல வர்ற குரல் என்னோடது இல்ல. டப்பிங்குக்கு வேற ஆளப் போட்டு, வசனத்தையும் அங்கங்க மாத்திட்டாங்க. நான் பேசினது என்னன்னு தெரியப்போறது உங்களுக்கு மட்டும்தான்."

மேஸ்திரி அதை நாலு தடவை படித்தார். பிறகு கணினியைத் திறந்தார்.

அது மாப்பிள்ளையின் பழைய கணினி. பழைய விண்டோஸோடு திணறிக்கொண்டிருந்ததை மாப்பிள்ளைதான் துடைத்துவிட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார். செய்தித்தாள் படிக்க, சதுரங்கம் ஆட என்று சிட்டாய்ப் பறந்தது. தொடரைப் போட்டதும்தான் வந்தது வினை. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல் முகங்கள். மகளின் வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இளஞ்சிவப்புத் தீற்றல். தமிழ் வசன வரிகளும் கிடையாது. மூத்தவளின் கைபேசியில் படம் பளிச்சென்று வந்தது. ஆனால் அந்தச் சின்னத் திரையில் உதடு கடுகளவு, அவர் கண்ணுக்கு எட்டவில்லை.

இயந்திரம் மக்கர் செய்தால் காரணம் எங்கேயோ உள்ளே இருக்கும் என்பது அவர் அனுபவம். உட்கார்ந்துவிட்டார். இணைய வேகம் சரியாக இருந்தது. பிரௌசரை மாற்றினார். யாரோ எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து, படத்தை விரிக்கும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைத்தார். சோதனைக்கு ஆலையின் பிரிவுபசார வீடியோவை ஓடவிட்டால், கடைசி வரிசையில் ஒருவன் "சாப்பாடு எப்பப்பா போடுவாங்க" என்று கேட்பதுவரை தெளிவாகத் தெரிந்தது. தொடர் மட்டும் கலங்கலாகவே வந்தது. இது விண்டோஸ் கணினிதான் என்று தொடரின் தளத்திடம் பொய் சொல்லும்படி பிரௌசரை மாற்றிப் பார்த்தார். திரை ஒரேயடியாகக் கறுத்துவிட்டது.

தொடரை வெளியிட்ட நிறுவனத்தின் உதவிப் பக்கத்துக்கு எழுதினார். எனக்குக் காது கேட்காது, உதடு தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும் என்று. உங்கள் இயங்குதளத்தில் உயர் தரம் கிடைக்காது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் எழுத்து பிசகாமல் அதே வருத்தம்.

மூன்றாவது வருத்தம் வந்த மத்தியானம், ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்க் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். பூட்டியிருக்கிறது என்று தெரிந்தேதான் உலுக்கினார். கதவில் நெற்றியை வைத்து நின்றார்.

மாலையில் மாப்பிள்ளை விளக்கைப் போட்டு, முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்தார். படத்தைத் திருட்டு நகல் எடுக்க முடியாது என்று அந்த நிறுவனத்தார் நம்புகிற கணினிக்குத்தான் நல்ல படம் தருவார்களாம். அந்தப் பட்டியலில் லினக்ஸ் இல்லையாம்.

"உங்க கம்ப்யூட்டர்ல ஒரு குறையும் இல்ல மாமா. பூட்டு அவங்க கையில இருக்கு."

"அப்போ எனக்கு ரெண்டு பக்கமும் பூட்டுதானா?" என்றார் மேஸ்திரி.

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிப்போனது. மறுநாளிலிருந்து வெளிப்பூட்டு போடவில்லை. மேஸ்திரி கதவைத் திறந்து, படிக்கட்டை மேலிருந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நாலாவது அத்தியாயத்தில் இளையவளை ஓர் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். கேமரா அவள் முகத்தை நெருங்கிக்கொண்டே போனது. முகம் திரை முழுதும் நிறைந்தபோது, கலங்கலிலும் உதடு ஒரு கையகலம் இருந்தது. மேஸ்திரி நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். பதினோரு தடவை ஓட்டிப் பார்த்தார். என்னை இங்கே விட்டுட்டுப் போகாதீங்க, அப்பா. அவருக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்தது.

முகம் துடைத்து, தண்ணீர் குடித்த பிறகுதான் உறைத்தது. அப்பா என்றாலும் அம்மா என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். ஆலையிலும் அது எப்போதும் தகராறுதான். இளையவளுக்கு எழுதிக் கேட்டார். காலையில் பதில் வந்திருந்தது: "அம்மாதான்பா. அந்தக் கதையில அப்பாவே கிடையாது."

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் முழங்கால் வலித்தது. அப்புறம் கைபேசியை எடுத்து, "நல்லா பேசியிருக்கே" என்று எழுதி அனுப்பினார். ஆறு வருடத்தில் அவளுடைய வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

மிச்சமிருந்த எட்டு அத்தியாயங்களில் அவள் முகம் அவ்வளவு கிட்டத்தில் மூன்று முறைதான் வந்தது. மூன்றையும் அவர் படித்துவிட்டார். மற்ற இடங்களில் அவள் பேசியது என்னவென்று அவருக்கும் தெரியாமலே தொடர் முடிந்துபோனது.