பருப்புக் குழம்பு ஏசல்

நான் பாட்டு சேகரிக்கக் கிளம்பியதற்குக் காரணம் பொறாமைதான். வேறு நல்ல காரணம் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? ஓசூரில் நான் வேலை செய்யும் ஆலைக்குப் புது இயந்திரம் ஒன்றை நிறுவிக் கொடுக்க அயர்லாந்திலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். கேன்டீனில் தயிர்ச் சோற்றைக் கரண்டியால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே, தன் ஊர்ப் பக்கம் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்து வைப்பதுதான் தனக்கு விடுமுறை நாள் வேலை என்றார். ஒன்றைப் பாடியும் காட்டினார். ஓர் ஆடு காணாமல் போகிறது, ஊரே தேடுகிறது, பதினேழு சரணம். கடைசிவரை ஆடு கிடைக்கவில்லை. ஆனாலும் கேன்டீனே கைதட்டியது. "உங்கள் கிராமங்களில் இப்படி என்ன இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். "ஏகப்பட்டது" என்றேன். ஒன்று பாடுங்கள் என்றதும் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

எனக்குப் பூர்வீகம் விருதுநகர்ப் பக்கம். ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. அளவு ஒரு நூல் பிசகினாலும் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிடுவேன். கல்யாண வீட்டு ஜாங்கிரியைக்கூட அப்படித்தான் பார்க்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவன் ஒரு வெளிநாட்டுக்காரர் முன்னால் விக்கினால் விட்டுவிட முடியுமா? என் பக்கத்து மேசையில் பரிசோதனை செய்யும் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் ஆறு மாத கர்ப்பிணி. தண்ணீர் டம்ளரை என்னிடம் நீட்டி, "எங்கம்மா நல்லா பாடுவாங்க சார். தொரப்பள்ளிப் பக்கம்தான் வீடு. ஆனா ஒண்ணு, மனசு தைரியம் வேணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அந்த அம்மா வீட்டு முன்னால் உட்கார்ந்து கொத்தமல்லியைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டாண்டை விரித்து, போனை அதில் மாட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பழைய பாட்டு ஏதாவது பாடுங்கம்மா" என்றேன்.

"யாரைத் திட்டணும் தம்பி?"

"யாரையும் திட்ட வேண்டாம்மா. பாட்டு மட்டும் போதும்."

"திட்டாம எப்படிப் பாடுறது?" என்று அவர் உண்மையாகவே திகைத்துப் போனார்.

அப்புறம்தான் விளங்கியது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏசல் பாட்டு. கல்யாணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் கிழி கிழியென்று கிழித்துப் பாடுவது. எதிரில் ஆள் இல்லாமல் அது வராது. காற்றைப் பார்த்து எப்படித் திட்டுவது? நான் போனைக் காட்டி, இதைத் திட்டுங்களேன் என்றேன். "பாவம், அது என்ன பண்ணுச்சு?" என்றார். வேறு வழியில்லாமல் நானே மாப்பிள்ளையாகப் பாயில் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயது, தலையில் பாதி காலி. அவர் என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். என் ஆலையில் நான் உதிரிபாகங்களைப் பார்க்கும் அதே பார்வை.

*தொப்பை முன்னே வந்துதுங்க தொரப்பள்ளிக்கு – அந்தத்
துரை பின்னே வருவாருங்க பொழுது சாஞ்சு!*

பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் கொத்தமல்லியோடு வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் என் வழுக்கை, என் பைக், விருதுநகர், என் குலம் கோத்திரம் எதுவும் மிச்சமில்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. "பதில் சொல்லுங்க தம்பி, பதில் சொல்லலைன்னா உண்மைன்னு ஆயிரும்" என்றார் அந்த அம்மா.

அதுதான் ஏசலின் சட்டமாம். எவ்வளவு கேவலமாகவும் பாடலாம். எதிராளி பதில் பாடிவிட்டால் அது விளையாட்டு. இலையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பதில் வராமல் நின்றுவிட்டால் மட்டும் அது நிஜமாகிவிடும். ஊரார் வாயில் தங்கிவிடும். எனக்குப் பதில் பாடத் தெரியாது. ஆக, சட்டப்படி இன்றுவரை என் தொப்பை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

கிளம்பும்போது, "எல்லாத்துக்கும் உங்களுக்குப் பதில் தெரியுமாம்மா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. "ஒண்ணே ஒண்ணுக்குச் சொல்ல விடல" என்றார்.

திங்கட்கிழமை ஆலையில் அந்தப் பெண்தான் முழுக் கதையையும் சொன்னாள். அவள் கல்யாணத்தில் அவள் மாமியார் ஓர் ஏசல் எடுத்துவிட்டிருக்கிறார்:

*பந்தியில ஊத்துனாங்க பருப்புக் குழம்பு – அதுல
பருப்பு எங்கேன்னு பெங்களூரு போய்த் தேடி வந்தேன்!*

பெண்ணின் அம்மா பதிலுக்கு வாயைத் திறந்த நேரம், மண்டபத்துக்காரர் அடுத்த கல்யாணக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. சட்டப்படி பருப்பு இல்லாத குழம்பு நிஜமாகிவிட்டது. இரண்டு வருடமாகத் தாய் மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள்தான் ஆலைப் பேருந்தில் போகும்போது வழியில் இறங்கி அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். மாமியாரும் முறுக்கிக்கொண்டார். திட்டிப் பாடினால் பதில் பாட வேண்டியதுதானே, பேசாமல் போய்விட்டால் எப்படி என்று அவருக்குக் கோபம்.

"அடுத்த மாசம் வளைகாப்பு சார். எங்க மாமியார் வீட்லதான் நடக்கும். அம்மா அங்க வந்துதான் என்னைப் பிரசவத்துக்கு அழைச்சிட்டுப் போகணும். அம்மா வர மாட்டேங்குறாங்க. அவங்க வராம நான் கையை நீட்ட மாட்டேன், ஒரு வளையல்கூடப் போட்டுக்க மாட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே, பரிசோதித்த பாகத்தையே நான்கு முறை பரிசோதித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தோன்றியது இதுதான்: மண்டபத்தில் நின்றுபோன பதிலை என் போனில் பிடித்துக்கொண்டு போய் மாமியாரிடம் போட்டுக்காட்டினால் என்ன? எனக்குப் பாட்டும் கிடைக்கும், பெண்ணுக்கு வளையலும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அடுத்த ஞாயிறு பெண்ணின் அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. இரண்டு வருடமாக வாயிலேயே வைத்திருந்திருக்கிறார்:

*பருப்பெல்லாம் ஒளிஞ்சிருச்சு பயந்துகிட்டு – உங்க
பக்கத்தாளு திங்கிற வேகம் பாத்துகிட்டு!*

மாமியார் வீடு சானமாவுக் காட்டைத் தாண்டி இருந்தது. பைக்கில் போனால் வழியில் வனத்துறைக்காரர்கள் கையைக் காட்டி நிறுத்தினார்கள். யானைக் கூட்டம் சாலையைக் கடக்கிறதாம். ஒன்றரை மணி நேரம் நின்றேன். "என்ன அவசரமா போறீங்க?" என்றார் வனக்காவலர். ஒரு திட்டு கொண்டு போகிறேன் என்று சொல்ல முடியுமா? மருந்து என்றேன்.

மாமியார் கட்டையான உருவம், கணீரென்ற குரல். வீட்டில் தெலுங்கு, மாடுகளிடம் கன்னடம், என்னிடம் தமிழ். போனைக் காதில் வைத்துக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார். "ரெண்டு வருசமா யோசிச்சு இவ்ளோதானா?" என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு ஊறிக்கொண்டே வந்தது. "பிடிங்க சார் உங்க மெசினை" என்று தலைமுடியை அள்ளி முடிந்தார்:

*வேகமாத் தின்னது நாங்க இல்லீங்க – உங்க
வாழையிலை ஓட்டையில ஓடிப் போச்சுங்க!*

அப்படித்தான் நான் தபால்காரன் ஆனேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இவர் பாடினால் அங்கே, அவர் பாடினால் இங்கே. இரண்டு வீட்டிலும் காபி, இரண்டு வீட்டிலும் முறுக்கு, தொப்பையைப் பற்றிய ஏசல் மேலும் உண்மையாகிக்கொண்டு வந்தது. அயர்லாந்துக்காரர் ஊருக்குப் போகுமுன் என்னிடம், எதைப் பற்றிய பாட்டு சேகரித்தீர்கள் என்று கேட்டார். பருப்பு என்றேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

மூன்றாவது ஞாயிறுதான் என் புத்தி என்னைக் கெடுத்தது. பெண்ணின் அம்மா ஒரு புது ஏசல் பாடினார். மாமியாரின் குறட்டையைப் பற்றி. அந்தச் சத்தத்தில் சானமாவு யானையெல்லாம் கர்நாடகத்துக்கு ஓடிவிட்டது, அங்கிருக்கிற யானையெல்லாம் ஆந்திராவுக்கு ஓடிவிட்டது என்று மூன்று மாநிலத்துக்கு இழுத்துவிட்டார். கேட்டபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். காட்டு வழியில் போகப் போகத்தான் பயம் வந்தது. வளைகாப்புக்கு இன்னும் ஐந்தே நாள். இது அளவு மீறிவிட்டதே, இதைக் கேட்டு மாமியார் எகிறிவிட்டால்? பழக்க தோஷம், மனதிலேயே சிவப்பு அட்டை கட்டிவிட்டேன். மாமியாரிடம், "இந்த வாரம் அவங்க ஒண்ணும் பாடலைங்க" என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் முகம் இருண்டுவிட்டது. "பதில் இல்லையா? வாயை மூடிட்டாங்களா? மறுபடியுமா?" என்றார். முறுக்கு வரவில்லை. காபியும் வரவில்லை. உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஆலையில் அந்தப் பெண் என் மேசைக்கு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "என்ன சார் பண்ணீங்க? அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரல போல, பதில்கூடச் சொல்லல, இனி கூப்பிடவே வேணாம்னு அத்தை சொல்றாங்க. அம்மாவோ, அவ்ளோ நல்ல பாட்டு குடுத்தும் நேத்து பதிலே வரல, நம்மளை மதிக்கல, நான் வர மாட்டேன்னு சொல்றாங்க." ஒரு திட்டை ஒளித்துவைத்து ஒரு குடும்பத்தையே கெடுத்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பைக்கை விரட்டினேன். மாமியார் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். காலில் விழாத குறையாக நடந்ததைச் சொல்லி, போனை முழுச் சத்தத்தில் வைத்தேன். குறட்டை, யானை, மூன்று மாநிலம். அவர் கையிலிருந்த தீவனத்தோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார், மாடு மிரண்டு பின்னால் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதையா ஒளிச்சு வெச்சே? அறிவிருக்குதா? போன்ல எல்லாம் இனி ஆவாது. நேர்ல வரச் சொல்லு அவங்களை. இதுக்குப் பதிலை மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லுவேன்."

அழைப்பை அப்படியே தொரப்பள்ளிப் பக்கம் கொண்டு போனேன். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. பெண்ணின் அம்மா கொத்தமல்லியைக் கீழே வைத்தார். "வரேன்னு சொல்லுங்க. வராட்டி பயந்துட்டேன்னு நினைச்சுக்குவாங்க."

வளைகாப்பு நாள் காலை பெண்ணின் அம்மா ஒரு வேனில் பன்னிரண்டு பெண்களோடு வந்து இறங்கினார். சீர்த் தட்டுகள் பின்னால் வந்தன, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் முன்னால் வந்தார். பந்தலுக்குக் கீழே இரண்டு பாய், எதிரெதிரே. நடுவில் நாற்காலியில் கன்னமெல்லாம் சந்தனத்தோடு அந்தப் பெண். அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டாள். அம்மா முதல் வளையலைப் போட்டார். மாமியார் இரண்டாவதைப் போட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நேராகப் பாயில் போய் உட்கார்ந்தார்கள்.

குறட்டைக்குப் பதில் வந்தது. அதற்குப் பதில் வந்தது. சீர் முறுக்கு, கொத்தமல்லிக் கட்டு, வேனின் டயர் என்று ஒன்றையும் விடவில்லை. பந்தல் சிரிப்பில் ஆடியது. நான் ஓரமாக உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் போனை ஒரு நிலையில் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் மாமியாரின் வாய் அவரை முந்திக்கொண்டு ஓடிவிட்டது:

*மணிக்கொரு பஸ்சு போவுதுங்க மெயின்ரோட்டுல – பெத்த
மகளைப் பாக்க வரலியேங்க ரெண்டு வருசமா!*

பெண்ணின் அம்மா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொடுக்கப் பார்த்தார்கள், அவர் காதில் விழவில்லை. மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. பதில் வராவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அது நிஜம் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எழுந்தது மாமியார்தான். பாயை விட்டு இந்தப் பக்கம் ஓடி வந்து, சம்பந்தியின் பக்கத்தில் முட்டியை ஒட்டி உட்கார்ந்து, தோளைப் பிடித்து உலுக்கினார். "பாடுங்க சம்பந்தி. நிக்கக் கூடாது. சொல்லுங்க, வரலாம்னுதான் பாத்தேங்க வாசல் வரைக்கும்... சொல்லுங்க!"

"வரலாம்னுதான் பாத்தேங்க வாசல் வரைக்கும்" என்றார் அந்த அம்மா, அழுகையோடு.

"அங்க வாயைத் தொறந்த பூதம் ஒண்ணு..."

"அங்க வாயைத் தொறந்த பூதம் ஒண்ணு..." என்று தொடங்கிய அம்மா, மாமியாரின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நாற்காலியில் இருந்த பெண் சந்தனம் கரைய அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. மாமியார் அந்த முதுகைத் தடவிக்கொண்டே, பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, தன்னைத் திட்டும் அந்தப் பாட்டைத் தானே பாடி முடித்தார்:

*அங்க வாயைத் தொறந்த பூதம் ஒண்ணு காவல் நின்னுச்சு!*