ஏலா என்ற தையற்காரர்

நோன்புப் பெருநாள் நெருங்கினால் கல்முனைத் தையற்காரர்கள் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான்: "மறுகா வாங்க." மறுகா என்றால் பிறகு; அந்தப் பிறகு, பெருநாள் கழிந்துதான் வரும்.

ஆதம்லெப்பை அப்படியில்லை. தன்னால் தைக்க முடிந்த அளவு துணி சேர்ந்ததும், யார் வந்தாலும் "ஏலா", முடியாது, என்று சொல்லிவிடுவார். கோபித்துப் போனவர்கள் உண்டு. ஆனால் பெருநாளுக்கு முந்திய மாலை மற்றத் தையற்காரர்கள் துணி தந்த ஆட்களுக்கு ஒளிந்து திரிய, இவர் மனைவி பிள்ளைகளோடு கடற்கரையில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருப்பார்.

எண்பத்திரண்டாம் ஆண்டில் மனைவி ஹாஜறாவே பிந்தித்தான் சட்டைத்துணி கொண்டுவந்தாள்.

"ஏலா."

"எனக்காவது மறுகா எண்டு சொல்லுங்களன்."

"உனக்குப் பொய் சொல்லவா புள்ள?"

அவள் சிரித்துவிட்டாள். பழைய சட்டையோடே பெருநாள் கொண்டாடினாள்.

அடுத்த ஆண்டு நோன்புப் பிறை கண்ட மறுநாள் ஆதம்லெப்பை கடை திறக்கப் போனார். அவருக்கு முன்பே, துணியோடு முதல் ஆளாக வாசலில் நின்றாள் ஹாஜறா.