தாராவிப் பள்ளியில் எங்கள் அசரத்து

பள்ளிவாசலில் மோதினாராக இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொழுகைக்குக் கூப்பிடும் பாங்கு சொல்வதுதான் அந்த வேலையில் சிரமமில்லாத காரியம் என்பார்கள். மீதி நேரமெல்லாம் இமாமுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று இடிபட வேண்டும். அறுபதுகளில் தாராவியில், திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் கட்டிய தகரக்கூரைப் பள்ளியில் நான் இடிபட்டேன். உங்களில் யாராவது என்னைப் போல இருந்திருந்தால் சொல்லாமலே புரியும். எங்கள் இமாமை எல்லாரும் அசரத்து என்போம். ஒல்லியான மனுஷர். குரல் மட்டும் கனம்.

எந்த ஊர்ப் பிறை?

ஒரு வருஷம் பம்பாயில் பிறை தெரிந்து, காலையில் பெருநாள் தொழுகைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒருவருக்கு ஊரிலிருந்து தந்தி வந்தது: அங்கே பிறை தெரியவில்லை, இன்றும் நோன்பு. பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஊர் ஜமாஅத்தை மீறினால் நாளைக்குப் பெண் கொடுக்க மாட்டார்களே என்று பயம். அசரத்து வெளியே வந்தார்.

"இங்க பொழுது அடையறதப் பாத்துத்தானே இத்தன நாளும் நோன்பு தொறந்திய? பிறையும் அப்படித்தான். குத்தம் வந்தா என் தலையில."

எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். மத்தியானம் பிரியாணிச் சட்டிக்கு முன்னால் தந்தி வந்தவர் சொன்னார்: "வாப்பா அங்க பசியோட இருக்காரு, நான் இங்க ரெண்டாந்தடவ வாங்குதேன். நல்லவேளை, தந்தியில வாசன போகாது."

பேரில்லாத கடுதாசி

காதர், கல்யாணமான மறுவருஷமே பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவன். ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு கடிதத்தோடு வந்தான். அவள் நடத்தை சரியில்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். கீழே பேர் இல்லை. தலாக் எழுதிப் பள்ளி முத்திரை போட்டுத் தாருங்கள் என்றான். முத்திரை என் பொறுப்பு. எடுக்கவா வேண்டாமா என்று அசரத்தைப் பார்த்தேன்.

"பேரு சொல்லப் பயப்படுதவன் சாட்சியாவானா?" என்றார் அவர். "ரயிலேறு. அவ மொகத்தப் பாத்துக் கேளு. அதுக்குப் பெறகும் வேணும்னா வா."

காதர் முறைத்துவிட்டுப் போனான். ஒரு மாதம் ஆளையே காணோம். அசரத்து கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டாரோ என்று எனக்கே தோன்றியது. அப்புறம் ஒரு நாள் பள்ளி வாசலில் தகரப் பெட்டியோடு நின்றான். நாலடி தள்ளி முக்காட்டோடு அவள். வீட்டுப் பங்குத் தகராறில் அவனுடைய சொந்தச் சித்தப்பா மகன் எழுதிய கடிதமாம் அது.

"எழுதுனவனையும் கண்டுபிடிச்சிட்டேன் அசரத்து, இவளையும் கூட்டியாந்துட்டேன். இங்க குடியிருக்க ஒரு கோலி வாடகைக்குப் பாத்துத் தாங்க."

மிம்பரிலிருந்து

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், வாராவாரம் வரும் மைதீன் காக்கா தொழுகை வரிசையில் தள்ளாடி விழுந்தார். "குடிச்சிட்டா பள்ளிக்கு வாரீரு? வெளிய போம்!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டார் அசரத்து. காக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே போனார். மறுநாள் நான் போய்ப் பார்த்தால் கடும் காய்ச்சல். மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை. பயந்து பயந்து அசரத்திடம் சொன்னேன். அன்று அவருடைய மத்தியானச் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் பிரசங்கம் செய்ய மிம்பரில் ஏறினார். "எல்லார் முன்னாலயும் ஏசினேன், எல்லார் முன்னாலயும் கேக்கேன். மைதீன் காக்கா, என்ன மன்னிக்கணும்." இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். காக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீங்க ஏசினதத் தாங்கிட்டேன் அசரத்து. இதத்தான் தாங்க முடியல."

அந்த மனுஷரிடம் ஒன்பது வருஷம் வேலை பார்த்ததில் எனக்கு நேர்ந்த ஒரே நஷ்டம், பிறகு வந்த இமாம்களில் ஒருவரும் என் கண்ணுக்கு நிறையாமல் போனதுதான்.