வலப்பக்கம் திருப்பிய குமிழ்

என் வலது காது போனதற்குக் காரணம் சாமிதான். வேறு யாரைச் சொல்ல? மாத்தளையில் இருபத்தைந்து வருடமாகக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறேன். சாமிக்குக் கேட்கிறதோ இல்லையோ, நாலாவது தெருவுக்குக் கேட்டால்தான் கோயில் கமிட்டிக்குப் பக்தி வரும். தேருக்கு முன்னால் லொறியில் நான் போவேன். குழாய் ஸ்பீக்கர் எப்போதும் என் வலது தோளுக்கு மேலே இருக்கும். அருள் முழுவதும் அந்தக் காதில்தான் இறங்கியது.

கண்டியில் காது டாக்டர் சோதித்துவிட்டு, "வலதுல கால்வாசிதான் மிச்சம்" என்றார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மைக் செட்காரனுக்கே காது கேட்காது என்று கமிட்டிக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் லொறியில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். அதைவிட, மனைவிக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதுதான் பெரிய பயம். அவள் திட்டினால் தாங்குவேன். ஐயோ பாவம் என்று பார்த்தால் தாங்கமாட்டேன். கோபம் வந்தால் அவள், "செவிடன் காதுல ஊதுன சங்கு" என்பாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். எனக்கு மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றும்.

இந்த லட்சணத்தில் வீட்டுக்கு ஸ்டீரியோ செட் வாங்க வேண்டி வந்தது. "ஊருக்கெல்லாம் பாட்டுப் போடுறீங்க, வீட்டுல ஒரு பாட்டுக் கேக்க வழியில்ல" என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி வருகிறாள். ஸ்பீக்கர் இரண்டும் கிடைத்துவிட்டன. அம்ப்ளிஃபயர்தான் பாக்கி.

அதில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பேலன்ஸ் குமிழ். அதை வலப்பக்கம் திருப்பினால் வலது ஸ்பீக்கர் கூடும், இடது குறையும். பாட்டு என் நல்ல காதிலேயே தொங்கிக்கொண்டிருக்காமல் நடுவில் வந்து நிற்கும். இதை வெளியில் சொல்லாமல் வாங்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

டவுன் கடையில் டை கட்டிய விற்பனையாளர் வாட்ஸ், புளூடூத், ரிமோட் என்று அர்ச்சனை செய்தார். மனைவிக்கு ஒன்று பிடித்துவிட்டது.

"இதுல நீல லைட்டு எரியுதுங்க. ஹால்ல வச்சா அழகா இருக்கும்."

"பேலன்ஸ் எங்க?" என்று விற்பனையாளரைக் கேட்டேன்.

"இதுல இல்ல அங்கிள். குமிழ் கொறஞ்சா சத்தம் சுத்தமா வரும். ஏன் கேக்குறீங்க?"

"எங்க ஹால் கோணல்."

"நேராத்தானே இருக்கு" என்றாள் மனைவி.

"கண்ணுக்கு நேர். சத்தத்துக்குக் கோணல்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீல லைட் கடையிலேயே தங்கிவிட்டது. அடுத்த இரண்டு கடைகளிலும் என் ஹால் கோணலாகவே இருந்தது.

கடைசியில் அலுவிகாரையில், ஜப்பானில் பாவித்த பழைய சாமான்கள் விற்கும் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனோம். அவர் மூலையிலிருந்து ஒரு வெள்ளி முகப்புப் பெட்டியை இழுத்தார். அம்மிக்கல் கனம். நம் கரண்ட் அதற்குக் கூடுதலாம், குறைத்துக் கொடுக்க இன்னொரு பெட்டி வேறு.

"பேலன்ஸ் இருக்கா நானா?"

"இந்தா ஈக்குது" என்று குமிழைக் காட்டிப் பாட்டைப் போட்டுவிட்டார்.

குமிழைத் திருப்பினேன். இடப்பக்கம் ஒதுங்கியிருந்த குரல் மெல்ல நகர்ந்து என் முகத்துக்கு நேரே வந்தது. எத்தனை வருடமாயிற்று அப்படிக் கேட்டு! கண் கலங்கிவிட்டது. பழைய சாமான், ஒரே தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"இதையே எடுங்க" என்றாள் மனைவி. "லைட்டுதான் இல்ல."

வீட்டில் எனக்குப் புதுக் கவலை பிடித்தது. அவள் காலண்டர் அரை அங்குலம் சாய்ந்தாலும் நிமிர்த்தாமல் விடமாட்டாள். கோணலாக நிற்கும் குமிழை விடுவாளா? ஆனால் மூன்று மாதமாக எப்போது பார்த்தாலும் குமிழ் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வயர் ஒன்றைச் சரிசெய்யக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தேன். குமிழுக்குப் பக்கத்தில், அதன் கோடு நிற்கும் இடத்துக்கு நேராக, கடுகளவு சிவப்பு ஒட்டுப்பொட்டு.

"இது என்னாது?"

"தூசி தொடைக்கிறப்ப அது திரும்பிருதுங்க. திருப்பி எங்க வைக்கணும்னு ஒரு அடையாளம்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். "எப்ப இருந்து தெரியும்?"

"ரோட்டுல நடக்கிறப்ப நான் எந்தப் பக்கம் வாறேன்?"

இடப்பக்கம். யோசித்தால், பல வருடமாகவே இடப்பக்கம்தான்.

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அப்போதுதான் அவள் நாற்காலியைக் கவனித்தேன். இடது ஸ்பீக்கரோடு ஒட்டிக் கிடந்தது. நான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த பக்கம்.

"இங்க ஏன் போட்டிருக்க?"

"இந்தப் பக்கம் மெதுவாத்தானே வருது. கிட்ட உக்காந்தாதான் எனக்குச் சரியா கேக்கும்."