எதிரணிக்குக் கொடுத்த ஆள்

மூன்று வருடமாக எங்கள் ஊர்க் கபடி அணியில் நான் மாற்று ரெய்டர். பயிற்சியில் தினமும் என்னைப் பிடித்துப் பழகுவார்கள். போட்டியன்று வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். போன மாசியில், அறுவடை முடிந்த எங்கள் வயலில் ஆட வந்த குடவாசல் அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. எங்கள் கேப்டன் யோசிக்கவே இல்லை.

“இவன வச்சுக்குங்க. நல்லா ரெய்டு போவான்.”

அந்த ஒரு பாராட்டுக்காக மூன்று வருடம் காத்திருந்த முட்டாள் நான். எதிரணிக்கு ஆடப் போனேன். ரெய்டு போனால் நான் இடப்பக்கம்தான் திரும்புவேன். அது தெரிந்த ஏழு பேரும் அங்கேயே நின்றார்கள். ரெய்டு போன ஒவ்வொரு முறையும் பிடித்தார்கள். கடைசி முறை என் கணுக்காலை விடாமலே கேப்டன் சொன்னார்:

“இன்னிக்குத்தான்டா நீ நம்ம டீமுக்கு உபயோகப்பட்டிருக்க.”