சோப்பக்காவும் சாகாத வித்தும்

எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பட்டச் சான்றிதழ் வாங்கிய கை என் வலது கை. ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று வணக்கம் சொல்ல அதை உயர்த்தினேன். எதிரே வெள்ளைக் கோட்டோடு நின்ற ஒரு பெண் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"சோப்பு போட்டியா?"

வாசலில் மாட்டியிருந்த ஸ்பிரிட் குப்பியை இரண்டு அழுத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஸ்பிரிட்டா? அதுல மத்ததெல்லாம் சாகும். நம்மாளு குளிச்சுட்டு வந்த மாதிரி தெம்பா உக்காந்திருப்பான். போ தம்பி, குழாய்ல நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

சொல்லிவிட்டு, மூக்கில் சரிந்த கண்ணாடியைக் கையுறை விரலால் மேலே தள்ளிக்கொண்டு எலிக்கூண்டுப் பக்கம் திரும்பிவிட்டார். ஆய்வகம் முழுக்க அவருக்கு சோப்பக்கா என்றுதான் பெயர். இயற்பெயரைச் சம்பளப் பிரிவில் மட்டும் வைத்திருந்தார்கள்.

'நம்மாளு' என்று அவர் செல்லமாகச் சொன்னது குடலில் நோய் உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவை. நம் வயிற்றில் நல்ல கிருமிகள் கூட்டமாகக் குடியிருக்கும்வரை இவனுக்கு உட்கார இடம் கிடைக்காது. நாம் எதற்கோ ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்குகிறோம், கூட்டம் காலியாகிறது, இவன் குடிவந்து நஞ்சைக் கக்குகிறான். குடல் புண்ணாகி வயிறு பிய்த்துக்கொண்டு போகும். வெளிக்காற்று பட்டால் செத்துவிடுவான்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே கெட்டியான தோல் போர்த்த வித்தாகச் சுருண்டுகொள்வான். சூடு, வறட்சி, ஸ்பிரிட் எதுவும் அந்த வித்தை அசைக்காது. சோப்புகூடக் கொல்லாது, தண்ணீரோடு வழுக்கி ஓடவைக்கும், அவ்வளவுதான்.

எந்த நல்ல கிருமியைத் திரும்பக் குடிவைத்தால் இவனை அண்டவிடாமல் தடுக்கலாம் என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. அதை அவருடைய மாமியார் இன்னும் சுருக்கமாகச் சொல்வார். ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தபோது என்னிடம், "என் மருமகளுக்கு வயித்தாலப் போறதுல டாக்டர் பட்டம் தரப்போறாங்களாம். அதுக்கு இவ்ளோ படிக்கணுமா? நாங்கல்லாம் சும்மாவே போனோம்" என்றார்.

எனக்குத் தந்த வேலை எலிப் புழுக்கை பொறுக்குவது. என் அப்பா ஊரெல்லாம் "பையன் ஆராய்ச்சி பண்றான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எதை என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லா எலிக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்போம். ஓர் அறையில் இருந்த எலிகளுக்கு வித்தையும் கொடுப்போம், அவற்றுக்கு நோய் வரும். அடுத்த அறை எலிகளுக்கு வித்தே கிடையாது, அவை நன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஆராய்ச்சியை நாலு பேர் நம்புவார்கள். ஆனால் வித்தே காட்டாத அந்த எலிகளுக்கும் வயிற்றால் போனது. அறையைக் கழுவி, புது எலிகள் வாங்கி மறுபடி செய்தோம். மறுபடியும் போனது.

ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் அக்காவைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கூண்டைக் கவுத்துடலாம்மா. நீ வேற தலைப்பு பாத்துக்கோ."

வேறு தலைப்பு என்றால் இத்தனை வருடப் படிப்பும் முதலிலிருந்து. அக்கா ஒரு கட்டுப் பஞ்சுக் குச்சியோடு கிளம்பினார். கதவுக் கைப்பிடி, தீவன மூட்டை, என் சட்டைப் பொத்தான், காது மடல் எல்லாவற்றையும் தடவினார்.

"அக்கா, காது எதுக்கு?"

"போன் பேசறல்ல? ஆடாம நில்லு."

பேராசிரியரின் கையையும் விடவில்லை. எல்லாக் குச்சிகளையும் கிருமி வளர்க்கும் தட்டுகளில் தேய்த்துக் காற்றில்லாப் பெட்டிக்குள் வைத்தோம். ஒரு தட்டிலும் நம்மாளு முளைக்கவில்லை.

"என் கை சுத்தம்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடும்மா, வீட்ல காட்டணும்" என்றார் பேராசிரியர். பிறகு, "எல்லாரையும் தடவியாச்சு. உன்னைத் தடவுனியா?" என்றார்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "என்னையா சார்? சோப்பு போட்டுக் கழுவி, புது கோட்டு, புது கையுறை போட்டுட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள காலையே வைக்கறேன். இந்தக் கண்ணாடியக்கூட நல்லா ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு..."

கண்ணாடியை மேலே தள்ளப் போன விரல் மூக்குக்கு முன்னால் அப்படியே நின்றது.

எங்கள் ஆய்வகத்தில் மலத்திலிருந்து வித்தைப் பிரிக்க ஒரு வழி உண்டு. அதன்மேல் ஸ்பிரிட் ஊற்றுவோம். மற்றதெல்லாம் செத்து, வித்து மட்டும் மிஞ்சும். அதையே அக்கா தினமும் தன் மூக்கின்மேல் செய்துகொண்டிருந்திருக்கிறார். நோய் எலியைத் தொட்ட விரலால் கண்ணாடியைத் தள்ளுவார், ஸ்பிரிட்டால் துடைப்பார், அடுத்த அறையில் புதுக் கையுறை விரலால் மறுபடி தள்ளிவிட்டுத் தீவனத்தை அள்ளிப் போடுவார்.

கண்ணாடியைத் தடவிய தட்டில் மறுநாளே முளைத்திருந்தது, நாற்றங்கால் மாதிரி.

பேராசிரியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் குழாயைத் திறந்து, கழுவின கையையே கழுவினேன்.

"சிரிச்சுடு தம்பி, அடக்குனா வயித்துக்கு ஆகாது" என்ற அக்காவே முதலில் வெடித்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, துடைக்கப் போனவர் சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கண்ணாடியை, வித்தையும் கொல்லக்கூடிய பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டோம். அது ஊறி முடிப்பதற்குள் அக்கா கோட்டு மாட்டும் கம்பத்தைப் பார்த்து, "சார், இன்னொரு சான்ஸ் குடுங்க" என்றார். நிஜமான சார் பின்னாலிருந்து "சரிம்மா" என்றார். கறுப்பாக இருந்த சட்டம் பாத்திரம் கழுவின தண்ணீரின் நிறத்துக்கு வெளுத்தது. அது இனிமேல் சரியவே கூடாது என்று மாமியார் ஓர் எலாஸ்டிக் நாடாவைத் தைத்துக் கொடுத்தார். "பட்டம் விட நூல் வேணாமா?" என்றாராம்.

மூன்றாம் முறை, வித்து கொடுக்காத எலிகள் கொழுகொழுவென்று ஓடித் திரிந்தன. அவற்றின் புழுக்கையை நான்தான் பொறுக்கினேன். அத்தனை கெட்டியான புழுக்கையை அதற்குமுன் அவ்வளவு சந்தோஷமாக நான் கையில் எடுத்ததில்லை.

சோப்பக்கா இப்போது டாக்டர் பட்டம் வாங்கி, அதே ஆய்வகத்தில் எலிப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறார். வெளுத்த கண்ணாடியைத்தான் இன்னும் போட்டிருக்கிறார், நாடாவோடு.